தலையெழுத்தா? கையெழுத்தா?

நமது நாட்டில் ஒருவன் பணக்காரனானால் அதற்கும் "தலையெழுத்து". அவன் பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி கிடந்தால் அதற்கும் "தலையெழுத்து" என்று ஒரே பதிலைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு சங்கதிகளுக்கு ஒரே காரணத்தைச் சொல்லுகின்றவன் உண்மையில் எந்தக் காரணத்தையும் சொல்லவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஆனாலும் அர்த்தமற்ற இந்த ஒரு சொல்லை மூலதனமாக வைத்துக்கொண்டு, சோதிடன் என்றும் புரோகிதன் என்றும் ஒரு பெருங்கூட்டம் தலைமுறை தலைமுறையாய் வயிறு வளர்த்து வருகின்றது.

பழைய காலத்துச் சங்கதி, படிப்பு வந்தால் போய்விடும் என்று சிலர் நினைக்கலாம். அப்படியானால் ஆயுத பூஜையன்று இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்கள். லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், லேத்து மிஷினுக்குச் சந்தனம், கம்ப்யூட்டர் முகத்துக்கு மூன்று விரலால் விபூதிப் பட்டை. அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவன் எந்தச் சரஸ்வதிக்குச் சுண்டல் படைத்தான் என்று நாம் கேட்டால், "அது அவன் அதிர்ஷ்டம்" என்கிறார்கள். ஆகவே இந்த அதிர்ஷ்டம் என்பது என்ன, கம்ப்யூட்டர் கம்பெனிகள் கோடீசுவரக் கம்பெனிகளானது எதனால் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியது நமது கடமையாகின்றது. இது வெறும் விவகார ஆசையினால் அல்ல. நமது பிள்ளைகளின் உழைப்பு எப்படிக் கைமாறிப் போகின்றது என்பதும் இதில்தான் அடங்கியிருக்கின்றது.

சனி எந்த வீட்டில் இருந்தான்?

திருவொற்றியூரில் நமக்குத் தெரிந்த ஆலைத் தொழிலாளித் தோழர் ஒருவர். அவருடைய மகன் கம்ப்யூட்டர் படித்தவன். மளிகைக் கடைகளில் சரக்குக் கணக்கு வைக்கவும் ரசீது போடவும் ஒரு புரோகிராம், அதாவது மிஷின் இன்னின்ன செய்ய வேண்டுமென்று அதற்குப் புரிகின்ற பாஷையில் வரிசையாக எழுதிய கட்டளைகள், ஆறு மாதம் இராத் தூக்கமில்லாமல் உட்கார்ந்து எழுதினான். ஒரு வியாபாரி அதற்கு 15,000 ரூபாய் கொடுத்து, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வருஷத்துக்குள் அந்த வியாபாரி அதே புரோகிராமை 50 கடைகளுக்குக் கடைக்கு 6,000 ரூபாய் வீதம் போட்டுக் கொடுத்து 3,00,000 ரூபாய் பார்த்துவிட்டார். பையன் போய்க் கேட்டதற்குக் காகிதத்தை எடுத்து நீட்டினார். பங்கு இல்லையென்பதோடு, தான் எழுதியதைத் தானே இன்னொரு கடைக்குப் போட்டுக் கொடுக்கவும் அவனுக்குப் பாத்தியமில்லை என்று ஆயிற்று.

தகப்பனார் என்ன செய்தார்? பையனின் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோதிடரிடம் போனார். "ஏழரைச் சனி" என்று சோதிடர் சொன்னார். திருநள்ளாறு போய், எள் விளக்கு ஏற்றி, தட்சணை வைத்துத் திரும்பிய வகையில் செலவு 4,000 ரூபாய். அதற்கும் பிறகுதான் நம்மிடம் வந்து, "என்ன பண்றது அண்ணே, அவன் தலையெழுத்து அப்படி" என்றார்.

"தலையெழுத்து இருக்கட்டும் தம்பி, அவன் போட்ட கையெழுத்தைக் கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றோம்.

கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். நமக்குக் கல்லூரி ஆங்கிலம் கிடையாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பழகிய ஆங்கிலந்தான். அதற்கே ஒரு மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. இரண்டாவது பக்கத்தில் 4ஆவது ஷரத்து: சகல உரிமைகளும் என்றென்றைக்கும் வாங்குகின்றவருக்கே சேரும் என்று எழுதியிருந்தது. "சனி எந்த வீட்டில் இருக்கிறான் என்று தேடித் திருநள்ளாறு வரைக்கும் போனீர்களே, அவன் இந்த 4ஆவது ஷரத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தான்!" என்றோம். தகப்பனார் சிரிக்கவில்லை. பையன் தலை குனிந்து, "நான் அதைப் படிக்கவே இல்லை மாமா" என்றான்.

கிரயமும் குத்தகையும்

நமது ஜனங்களுக்கு இந்த விஷயம் தெரியாததல்ல. நிலத்தில் நன்றாகத் தெரியும். நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்தவனுக்கு ஒரு தடவை பணம் வரும். பிறகு அந்த வரப்பில் கால் வைக்கவும் அவனுக்குப் பாத்தியமில்லை. குத்தகைக்கு விட்டவனுக்கோ வருஷாவருஷம் பலன் வரும். நிலமும் அவனுடையதாகவே இருக்கும். லைசென்சு என்று சொல்லப்படுவது இந்தக் குத்தகைதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசமுண்டு. ஒரு காணி நிலத்தை ஒரே சமயத்தில் ஒருவனுக்குத்தான் குத்தகைக்கு விட முடியும். ஒரு புரோகிராமை ஒரே நாளில் ஆயிரம் பேருக்கும் விடலாம், கோடிப் பேருக்கும் விடலாம், தேய்ந்து போகாது. ஆகையினால் இந்தத் தொழிலில் கிரயம் செய்தவன் கூலிக்காரனாகிறான். குத்தகைக்கு விட்டவன் ஜமீன்தாராகிறான். எழுதின மூளை ஒன்றாகவே இருந்தாலும் காகிதம் வேறானால் பலன் வேறாகிவிடுகின்றது.

காசிமேட்டுத் தோழர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். கடலில் வலை நிறைவதும் வெறும் வலையாய் வருவதும் தற்செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வலை நிறைந்து வந்த நாளிலும் கரையில் அந்த மீனை ஏலம் கூறுகின்ற பாத்தியம் யாருக்கு? முன்பணம் கொடுத்தவனுக்கு. படகுக்காரன் அவனிடந்தான் கொட்ட வேண்டும். அவன் கழித்துக்கொண்டது போக மீதியைத்தான் வாங்க வேண்டும். அதிர்ஷ்டம் வலையில் விழுந்தது உண்மைதான். அது யார் மடியில் போய்ச் சேரவேண்டும் என்பதைக் கடலும் தீர்மானிக்கவில்லை, கடலம்மாளும் தீர்மானிக்கவில்லை. முன்பணக் கணக்குத்தான் தீர்மானித்தது.

நம் கண்ணெதிரிலேயே

கம்ப்யூட்டருக்குப் போகுமுன் நம் தெருவிலேயே இருக்கும் அத்தாட்சியைப் பார்த்துவிடுவோம். திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையைத் தெரியாதவர் இல்லை. அது 1955ஆம் வருஷத்தில், இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியோடு சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டு ஆரம்பித்த தொழில். அதற்குச் சற்று முன்பு இந்திய இராணுவத்துக்கு எல்லைப் பிரதேசத்தில் ஓடுவதற்கு உறுதியான வண்டி தேவைப்பட்டு, புல்லட்டை நூற்றுக்கணக்கில் கேட்டது. இது தற்செயல்; இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

ஆனால் இங்குள்ளவர்கள் சீமையிலிருந்து வரும் உறுப்புகளைப் பூட்டிக் கொடுக்கும் வேலையோடு நின்றுவிடவில்லை. 1957இல் உறுப்புகளைச் செய்கின்ற கருவிகளையே வாங்கித் திருவொற்றியூரில் இறக்கினார்கள். அப்புறம் நடந்ததென்ன? லைசென்சு கொடுத்த ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் மீதியிருந்த வேலையும் 1970இல் நின்றுபோயிற்று. கற்றுக்கொண்ட திருவொற்றியூர் மட்டும் நிற்காமல் செய்துகொண்டிருந்து, 1977இல் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. வடிவுடையம்மன் அருள் என்று சிலர் சொல்லுகிறார்கள். அம்மன் அருளால்தான் ஆலை நிற்கிறதென்றால், அதே அம்மன் கோவில் மணி காதில் கேட்கும் தூரத்தில் மூடிக் கிடக்கின்ற மற்ற ஆலைகளுக்கு யார் அருளால் பூட்டுப் போட்டார்கள்? அந்தத் தொழிலாளிகள் தேர் இழுக்கவில்லையா? நின்றதற்குக் காரணம் 1957இல் வந்து இறங்கிய கருவியும் அதைக் கையாளக் கற்ற கைகளும்தானே தவிர வேறல்ல.

எண்ணூரிலும் இதே பாடந்தான். ரகுநந்தன் சரண் என்பவர் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தம் மகன் பெயரால் கம்பெனி ஏற்படுத்தி, சீமை ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தார். பிறகு லேலண்டு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி பக்கம் திரும்பி, 1955இல் அசோக் லேலண்டு என்று பெயரும் மாறிற்று. உள்நாட்டிலேயே செய்யத் திட்டமில்லாமல் வெறுமனே பூட்டி விற்கிறவர்களுக்கு இந்த நாட்டில் இடமில்லை என்ற கொள்கையை 1953இல் சர்க்கார் ஏற்படுத்தியபொழுது, போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. எண்ணூர் மூட்டை கட்டவில்லை. அவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே கிரகந்தான், ஒரே சர்க்கார்தான். செய்துகொண்ட ஏற்பாடுதான் வேறு.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு தமிழர்

இனிக் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழி என்கின்ற கிராமத்தில் பிறந்து, கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்த ஷிவ் நாடார் என்பவர், டெல்லியில் டி.சி.எம். கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சில கூட்டாளிகளுடன் 1976இல் எச்.சி.எல். கம்பெனியை ஆரம்பித்தார். அவர்கள் போட்ட முதல் 1,87,000 ரூபாய் என்று சொல்லப்படுகின்றது. முதலில் கால்குலேட்டர் விற்றார்கள். கம்ப்யூட்டர் செய்யவேண்டுமென்றால் சர்க்கார் லைசென்சு வேண்டும். 1951ஆம் வருஷத்துத் தொழில் சட்டத்தின்படி இன்ன சரக்கு இன்னார் இவ்வளவுதான் செய்யலாம் என்று காகிதம் பெற்றுத்தான் எந்தப் பெரிய தொழிலும் நடத்த முடியும். அந்தக் கட்டு பெரும்பாலும் அவிழ்ந்தது 1991இல்தான்.

1,87,000 ரூபாய்க்காரர்களுக்கு அந்தக் காலத்தில் டெல்லி உத்தியோகஸ்தர்கள் நாற்காலி போட்டிருப்பார்களா? அவர்கள் என்ன செய்தார்களென்றால், தங்கள் மாகாணத்தில் எலக்ட்ரானிக்ஸ் தொழில் வளரவேண்டுமென்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்த உத்தரப் பிரதேச சர்க்காரைக் கண்டுபிடித்து, அதை 26 சதவீதப் பங்குடன் கூட்டாளியாக்கிக்கொண்டார்கள். சர்க்காரிடம் லைசென்சு கேட்கப் போகின்றவன் கூடவே ஒரு சர்க்காரையும் அழைத்துக்கொண்டு போனான் என்பதுதான் இதன் தாத்பரியம். இதற்கு எந்தப் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்க்க வேண்டும்? யாருக்கு என்ன தேவையிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

இப்பொழுது அதிர்ஷ்டத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் உலகத்தில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி அமெரிக்காவின் ஐ.பி.எம். அது நம் நாட்டில் மிஷின்களை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்துவந்தது. அமெரிக்காவில் உழைத்துப் பழசாய்ப் போனவற்றைப் புதுப்பித்து இங்கே கொண்டுவந்து வாடகைக்கு விட்டது என்கின்ற புகாரும் உண்டு. 1973ஆம் வருஷத்து அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டார் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டுமென்று சர்க்கார் சொல்ல, அதற்கு இணங்காமல் ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டுப் போய்விட்டது. அதே வருஷத்தில் எச்.சி.எல். தன்னுடைய 8சி என்ற கம்ப்யூட்டரைச் சந்தையில் வைத்தது. ஆனையே வழியை விட்டு விலகினதுபோல் ஆயிற்று.

"பார்த்தீர்களா, அதிர்ஷ்டம்!" என்று சோதிடர் துள்ளுவார். கொஞ்சம் பொறுக்கட்டும். ஐ.பி.எம். விலகியது எச்.சி.எல்.லுக்கு மட்டுமா? ஐதராபாத்தில் மத்திய சர்க்காரின் ஈ.சி.ஐ.எல். இருந்தது. டி.சி.எம். இருந்தது. பரோடாவில் ஓ.ஆர்.ஜி. இருந்தது. எல்லோர் வயலிலும் ஒரே மழைதான் பெய்தது. மழை பெய்தது யாருடைய சாமர்த்தியமுமல்ல; ஆனால் பெய்தபொழுது எவன் உழுது வைத்திருந்தான், எவன் கையில் விதை இருந்தது என்பதுதான் கேள்வி. 1976இல் லைசென்சுக்கு வழி தேடி வைத்தவன் 1978இல் விதைத்தான். ஐ.பி.எம். போன பிறகு புறப்பட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருந்தால் அந்த மழை மண்ணில் ஓடிக் கடலில் கலந்திருக்கும்.

ஐ.பி.எம். வாசலில்

இதைவிடப் பெரிய உதாரணமாக நமது படித்த கூட்டம் மைக்ரோசாப்டு பில் கேட்ஸை எடுத்துக் காட்டும். "அவர் சாதகம் ராஜயோக சாதகம்" என்று எழுதி விற்கிற சோதிடர்களும் இருக்கிறார்கள். அவர் பிறந்தது 1955 அக்டோபர் 28, அமெரிக்காவில் சியாட்டில் பட்டணம். அதே நாளில், அதே பட்டணத்தில், அதே ஆஸ்பத்திரிகளில் பிறந்த மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் அந்த ராஜயோகம் எங்கே போயிற்று என்று கேட்டால் பதிலில்லை. போகட்டும்.

நடந்தது இது. 1980இல் ஐ.பி.எம். ஒரு சின்னக் கம்ப்யூட்டர் செய்யத் தீர்மானித்து, அதை இயக்கும் அடிப்படைப் புரோகிராமுக்கு ஆள் தேடிற்று. மைக்ரோசாப்டிடம் அப்படி ஒன்று இல்லை. கேரி கில்டால் என்பவரிடம் இருந்தது. ஐ.பி.எம். ஆட்கள் அவரிடம் போனார்கள், காரியம் முடியவில்லை. அவர் ஆகாய விமானம் ஓட்டப் போய்விட்டார் என்பார் சிலர்; இரகசியம் காக்கும் பத்திரத்தில் கையெழுத்து வைக்கத் தயங்கினார்கள் என்பார் சிலர். அவரவர் ஒரு கதை சொல்லுகிறார்கள். எப்படியும் வாய்ப்பு மைக்ரோசாப்டிடம் திரும்பி வந்தது. இது தற்செயல்.

சியாட்டிலில் இன்னொரு சிறு கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்பவர் அந்த மாதிரிப் புரோகிராம் ஒன்று எழுதியிருந்தார். மைக்ரோசாப்டு அதை 1980 டிசம்பரில் 25,000 டாலருக்குக் குத்தகையாக வாங்கி, 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்துக் கிரயமாகவே வாங்கிக்கொண்டது. யாருக்காக வாங்குகிறோம் என்பதை விற்றவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் ஐ.பி.எம்.முக்கு அதைக் கொடுத்தபொழுது கிரயம் செய்யவில்லை, குத்தகைதான். மற்றவர்களுக்கும் விடுகின்ற பாத்தியத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் வெளிவந்தது. அதைப்போலவே வேறு கம்பெனிகளும் செய்து விற்க ஆரம்பித்தன. மிஷின் பலருடையது, உள்ளே ஓடும் புரோகிராம் ஒருவருடையது. மிஷின் செய்தவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொண்டிருக்க, குத்தகைக்காரன் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டிருந்தான்.

வாங்கும்போது கிரயம், கொடுக்கும்போது குத்தகை: மைக்ரோசாப்டின் "ராஜயோகம்" இந்த ஒரு வரிதான். கில்டாலின் புரோகிராமையும் ஐ.பி.எம். பிறகு விற்கவே விற்றது. ஆனால் ஒன்றுக்கு 40 டாலர், மற்றொன்றுக்கு 240 டாலர் என்று விலை வைத்தால் எதை வாங்குவார்கள் என்பதற்குச் சோதிடம் வேண்டியதில்லை. விற்றுவிட்ட சிறு கம்பெனி கதையும் கேளுங்கள். அது பழைய காகிதத்தில் தனக்கென்று ஒரு சிறு பாத்தியத்தை நிறுத்திவைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு வழக்குப் போட்டு, 1986இல் 9,25,000 டாலர் வாங்கிக்கொண்டு ராஜியாயிற்று. 75,000 டாலருக்கு விற்ற பொருளில், நிறுத்திவைத்திருந்த ஒரு ஷரத்துக்கு மட்டும் அதைப்போல் பன்னிரண்டு பங்கு வந்தது! நமது திருவொற்றியூர்ப் பையனின் காகிதத்தில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால்?

மைக்ரோசாப்டு யோக்கியக் கம்பெனி என்று நாம் நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கவில்லை. தன் புரோகிராமைப் போட்டாலும் போடாவிட்டாலும், விற்கிற மிஷின் ஒவ்வொன்றுக்கும் பணம் கட்ட வேண்டுமென்று கம்ப்யூட்டர் செய்கின்றவர்களிடம் அது ஒப்பந்தம் வாங்கியிருந்தது. புரோகிதன் வந்தாலும் வராவிட்டாலும் திதிக்குத் தட்சணை அனுப்பிவிட வேண்டும் என்பதைப் போன்றதுதான் இது. 1994இல் அமெரிக்க சர்க்கார் தலையிட்டு அதை நிறுத்திற்று. இதிலிருந்தும் நாம் அறிய வேண்டியது, அக்கிரமமும் காகிதத்தில்தான் எழுதப்படுகின்றது, அதைத் தடுப்பதும் காகிதத்தில்தான் என்பதே.

அப்படியானால் அதிர்ஷ்டமே இல்லையா?

இருக்கின்றது, அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சரியான பெயர் தற்செயல். அதில் பெரிய தற்செயல் எதுவென்றால், ஒருவன் எங்கே பிறக்கிறான், பிறந்த இடத்தில் எது அவன் கைக்கு எட்டுகிறது என்பதுதான். பில் கேட்ஸ் படித்த பணக்காரப் பள்ளிக்கூடத்தில் 1968இல், தாய்மார்கள் பழைய சாமான் விற்றுச் சேர்த்த பணத்தில், தூரத்துக் கம்ப்யூட்டரோடு பேசுகின்ற மிஷின் ஒன்று வைத்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதன் முன் உட்கார்ந்தான். அவனுடைய தாயாரும் ஐ.பி.எம். தலைமையிலிருந்த ஜான் ஓபலும் ஒரே தர்ம ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள். அந்தப் பிள்ளைக்கு மூளையில்லை என்று நாம் சொல்லவில்லை. அதே மூளையோடு தண்டையார்பேட்டைக் குடிசையில் பிறந்திருந்தால் எந்த மிஷின் முன் உட்கார்ந்திருப்பான் என்றுதான் கேட்கிறோம்.

இந்தத் தற்செயலைத்தான் நமது நாட்டில் "பூர்வ ஜென்ம கருமம்" என்று பெயர் வைத்து, அதற்கு வருணாசிரமம் என்று வேலியும் போட்டார்கள். பனையேறும் குலம் என்று தள்ளிவைக்கப்பட்ட நாடார் சமுதாயம் 1897இல் கமுதிக் கோவிலுக்குள் நுழைந்ததற்காக வழக்குப் போட்டு, 1908இல் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்கு உரிமையில்லை என்று தீர்ப்பு வாங்கினார்கள். இடையில் 1899இல் சிவகாசிக் கலவரம். அந்தச் சமுதாயம் தலையெழுத்து என்று உட்காரவில்லை. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். விருதுநகரில் 1889லேயே வைத்தார்கள். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த சவுந்திரபாண்டியனாரும் அந்தச் சமுதாயத்திலிருந்து வந்தவர்தான். அந்தச் சமுதாயத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர் 1976இல் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்தார் என்றால், இடையில் இருப்பது சனியும் குருவுமல்ல. பள்ளிக்கூடங்களும் மகமைக் கணக்கும் தன்மானமுந்தான்.

ஆகவே தற்செயலை ஒழிக்க முடியாவிட்டாலும் பங்கிட முடியும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வருகின்ற மிஷினை எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிட்டால் அது அதிர்ஷ்டமாக இருக்காது, உரிமையாகிவிடும். வடசென்னையில் கல்லூரி தன் பெயரால் நடக்கின்ற சர் பி. தியாகராயர் சென்னை நகரசபைத் தலைவராயிருந்தபொழுது, 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டது அந்த வேலைதான். 1921லும் 1928லும் வந்த வகுப்புவாரி உத்தரவுகள் செய்தது அந்த வேலைதான். 2011இல் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபொழுது, "ஓசி" என்று ஏளனம் செய்தவர்கள் இருக்கிறார்கள். தாய்மார்கள் பழைய சாமான் விற்றுப் பணக்காரப் பள்ளிக்கு மிஷின் வாங்கினால் முன்னேற்றம். சர்க்கார் வரிப்பணத்தில் எண்ணூர் மீனவன் மகளுக்கு வாங்கினால் ஓசியா?

லைசென்சிலும் இப்படி ஒரு பொதுக் கிணறு உண்டு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்ற புரோகிராமை எழுதி, 1992இல் அதை ஒரு பொது லைசென்சில் விட்டார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கவும் விற்கலாம். ஆனால் திருத்தி வெளியிடுகின்றவன் தன் திருத்தத்தையும் அதே நிபந்தனையில் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அக்கிரகாரக் கிணறு போன்ற லைசென்சும் மனிதன் எழுதியதுதான். ஊர்ப் பொதுக் கிணறு போன்ற லைசென்சும் மனிதன் எழுதியதுதான். ஆண்டவன் எழுதியது எதுவுமில்லை என்பதால், இஷ்டமில்லாததை மாற்றி எழுதவும் மனிதனால் முடியும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! ஆலை லாபத்தில் ஓடினால் முதலாளி சாதக விசேஷம், ஆலை மூடினால் தொழிலாளி தலைவிதி என்கின்ற பேச்சை இனியாவது நமது பகுதியில் ஒழிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியாய்ச் சேருகின்றவனும், புரோகிராம் எழுதுகின்ற வாலிபனும், வட்டிக்குப் பணம் வாங்குகின்ற தாய்மாரும் கையெழுத்து வைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். நான் கொடுப்பது கிரயமா, குத்தகையா? இவருக்கு மட்டுமா, மற்றவருக்கும் கொடுக்க எனக்குப் பாத்தியம் உண்டா? எவ்வளவு காலத்துக்கு? பதில் சொல்லாதவன் நீட்டுகின்ற காகிதத்தை, சுபமுகூர்த்தமாயிருந்தாலும் தொடாதீர்கள்; பதில் சரியாயிருந்தால் இராகு காலத்திலேயே கையெழுத்துப் போடுங்கள்.

முன் சொன்ன பையன் இப்பொழுது வேறொரு புரோகிராம் எழுதி வருகிறான். இந்தத் தடவை காகிதத்தை முதலில் எழுதினான், தமிழில் எழுதினான், கடைக்கு மாதம் 200 ரூபாய் வாடகை என்று எழுதினான். இதுவரை மூன்று கடைகள்தான் சேர்ந்திருக்கின்றன. முப்பதாகுமா, மூன்றோடு நிற்குமா என்பது நமக்குத் தெரியாது. அது தற்செயலையும் பொறுத்தது. ஆனால் வருகின்றது அவனுடையதாயிருக்கும். அவன் தகப்பனாரோ நம் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவருகின்ற காகிதங்களை அகராதி வைத்துப் படித்துச் சொல்லுகின்ற வேலைக்கு உதவுகிறார். சோதிடருக்குக் கொடுத்த 4,000 ரூபாய் போனது போனதுதான். அந்த அகராதியின் விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதை இதுவரை யாரும் படித்ததில்லை. கையில் இருக்கின்ற காகிதத்தை யாரும் படிக்கலாம். படியுங்கள்.